எழுபது தாண்டியவர்களைக் காட்டு சஃபாரிக்குக் கூட்டிப் போகலாமா?

ஜனவரி 3, 2025

கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அப்பாவுக்கு சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி. ரெண்டு பேரும் காட்டில் யானை பார்க்கணும் என்கிறார்கள். டிராவல்ஸ்காரர் ஊட்டி, முதுமலை, பந்திப்பூர் மூன்றையும் இரண்டு ராத்திரியில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இந்த வயதில் சஃபாரி சரிப்படுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 3, இரவு

சரிப்படாது. மூன்று காடு, இரண்டு ராத்திரி என்றால் வாலிபப் பிள்ளைகளுக்கே சரிப்படாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் சுற்றிப் போனால் நேரம் இழுக்கும். பந்திப்பூர் காட்டு ரோட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் தாண்ட வேண்டும் என்று டிரைவர் விரட்டுவார். ஊர் திரும்பும்போது உங்கள் அம்மாவுக்கு யானை ஞாபகம் இருக்காது, வாந்தி எடுத்த இடங்கள்தான் ஞாபகம் இருக்கும்.

நம் டெல்டாவில் இல்லாததா? கோடியக்கரையில் வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை, பனிக்காலத்தில் பூநாரை. வடுவூரில் ஏரிக்கரையில் நின்றாலே நாரையும் அரிவாள் மூக்கனும். இந்த வயதுக்கு அது போதும். யானைதான் வேண்டுமென்றால் மன்னார்குடிக்கு வாருங்கள், ராஜகோபாலசாமி கோயில் செங்கமலத்தைக் காட்டுகிறேன். பாப் கட்டிங் வைத்த யானை எந்தக் காட்டிலும் கிடையாது.

ஜனவரி 4

நேற்று எழுதியதைக் காலையில் காப்பியோடு படித்துப் பார்த்தேன். திமிராக இருக்கிறது. எனக்கே 66. கோடியக்கரையைப் பரிந்துரைத்தவன் அங்கே அக்காவைக் கூட்டிப் போய் என்ன பாடு படுத்தினேன் என்பதை மறைத்துவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு, சித்திரை மாதம். வேதாரண்யம் கோயிலில் தரிசனம் முடித்த கையோடு, பக்கத்தில்தானே என்று பதினொரு மணிக்கு உள்ளே போனோம். வெட்டவெளி. வெளிமான்கள் தூரத்தில் கானல் நீரில் நடுங்கிக்கொண்டு நின்றன. அக்கா அவற்றைக் கடைசிவரை புற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பூநாரை ஒன்றுகூட இல்லை, அது வருகிற மாதமும் இல்லை. கொண்டுபோன தண்ணீர் கொதித்துவிட்டது. அவசரத்துக்கு ஒதுங்க இடம் கேட்டபோது, "வேதாரண்யத்துலயே போயிருக்கலாமே"ன்னு ஒருவர் அறிவுரை சொன்னார்.

"இதுக்கு நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டுத் திண்ணையிலயே படுத்திருப்பேன்டா" என்றார் அக்கா.

தப்பு கோடியக்கரையுடையது இல்லை, என்னுடையது. அங்கே போவதாக இருந்தால் ஐப்பசியிலிருந்து தை வரை. காலையில் விடிந்ததும், இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல். கஜா புயல் 2018இல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. விழுந்த மரங்களுக்கு நடுவில் சீமைக்கருவேலம் எழுந்திருக்கிறது. பழைய நினைப்பில் நிழல் தேடிப் போகாதீர்கள். சீட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் காரிலேயே சுற்றினோம், வயதானவர்களுக்கு அது ஒரு நிம்மதி.

ஜனவரி 4, மாலை

திருத்துறைப்பூண்டி நண்பர் கேட்கிறார்: நாங்கள் கலைமான் என்போம், நீர் என்ன வெளிமான் என்கிறீர்? இரண்டும் நடக்கும் ஐயா. முறுக்கின கொம்பும் கறுத்த முதுகும் உள்ள ஆண், வெட்டவெளியில் மேய்கிற அந்த மான்தான். கடமான் வேறு, அது மலைக்காட்டு மிருகம். கோடியக்கரையில் கடமான் பார்த்தேன் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

ஜனவரி 9

எனக்கு வந்த சோதனை. மேலே உள்ளதையெல்லாம் என் மருமகன் அத்தானுக்குப் படித்துக் காட்டிவிட்டான். அத்தானுக்கு 77. கோட்டூர் பக்கம் ஏழு ஏக்கர். மைசூர் பக்கம் போனதே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கபினி அணையின் பேரை ஐம்பது வருடமாக டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறார். "கபினியில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கான்" என்று பேப்பரில் வந்தால்தான் இங்கே நாற்றங்காலுக்கு உழவு.

போனில் பிடித்தார்: "ஏம்ப்பா, கபினியில யானை இருக்காமே? செங்கமலத்தச் சின்ன வயசுலேருந்து பாக்குறோம், பாவம், அதுக்குக் காலுல சங்கிலி. சங்கிலி இல்லாத யானைய ஒரு தடவ பாக்கணும். அப்படியே அந்த அணையையும் பாத்துருவோம்."

அணைதான் முதல் காரணம், யானை சாக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. சம்பா அறுப்பு முடிந்ததும் போவதாகப் பேச்சு. நான், வீட்டுக்காரி, அக்கா, அத்தான். நாலு பேர் வயதையும் கூட்டினால் 276.

சரிப்படாது என்று எழுதினவன் இப்போது டிக்கெட் பார்க்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிடுங்கள்.

ஜனவரி 12

டிக்கெட் விஷயத்தில் ஒரு பாடம். ஊட்டி வழி வேண்டாம், மலையே ஏறாமல் போக நமக்கு ஒரு வண்டி இருக்கிறது: மயிலாடுதுறை மைசூரு எக்ஸ்பிரஸ். இப்போது கடலூர் துறைமுகத்திலிருந்தே கிளம்புகிறது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சாயங்காலம் ஏறிப் படுத்தால் காலையில் மைசூரு. ஊட்டிக்குப் போகிற கார்களுக்கு இப்போது இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும், அந்த வேலையும் மிச்சம்.

கீழ்ப் படுக்கைக்கு ஆண்களில் 60க்கு மேலானவர்களுக்கும் பெண்களில் 45க்கு மேலானவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் இருந்தால்தான். நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டேன், அத்தானுக்கு மேல் படுக்கை வந்தது. ரத்து செய்து, காசு கொஞ்சம் போய், இரண்டிரண்டாகப் போட்டதும் நாலும் கீழே. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது, அதைத் தேடி மெனக்கெட வேண்டாம்.

ஜனவரி 20

பொங்கல் முடிந்து டாக்டரிடம் போனோம். நான் சஃபாரி என்றதும் முட்டியைத்தான் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "நீர் மாத்திரை யார் யார் சாப்பிடுறீங்க?"

இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன். சஃபாரி ஜீப் காட்டுக்குள் போனால் மூன்று மணி நேரம் போல உள்ளேதான். நடுவில் யாரும் கீழே இறங்கக் கூடாது, சட்டமே அதுதான். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணியில் முடுக்க ஆரம்பித்துவிடும். விடிகாலை ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் புலியே எதிரில் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அக்காவுக்கும் என் வீட்டுக்காரிக்கும் அந்த இரண்டு நாளைக்கு மட்டும் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

அக்கா ஒரு வைத்தியம் வைத்திருந்தார்: முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. டாக்டர் கோபித்துக்கொண்டார். இந்த வயதில் தண்ணீரைக் குறைத்தால் தலைசுற்றும், நீர்க்கடுப்பு வரும், எழுந்து நிற்கும்போது விழுவார்கள் என்றார்.

சர்க்கரைக்காரர்களுக்கு: மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஜீப் ஏறாதீர்கள். சஃபாரியில் தின்பண்டம் கூடாது என்பார்கள். நாலு குளுகோஸ் பிஸ்கட் சட்டைப்பையில் இருப்பதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மனிதர்கள்தானே, புரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 21

"பெரியவர்கள் போடும் டயப்பரைப் பற்றி எழுத வெட்கமா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வெட்கம்தான். நேற்று எழுதி அழித்தேன். நியாயமான யோசனை, நீண்ட பயணம் எதற்கும் உதவும். பெண்கள் இருவரும் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார்கள். அத்தானிடம் நான் பேச்செடுத்தேன். "எனக்குப் பேரன் இருக்கான், அவனுக்கு வாங்கு" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11

போய் வந்தோம். நாலு பேரும் முழுசாக இருக்கிறோம்.

நெல்லைக் கொள்முதலுக்குப் போட்ட மறுநாளே அத்தான் பையோடு வந்துவிட்டார். மைசூரில் இறங்கி, கார் பிடித்து, எச்.டி. கோட்டை தாண்டிக் கபினி நீர்த்தேக்கக் கரைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அன்றைக்கே சாயங்கால சஃபாரி ஒன்று தருகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். இதில் மட்டும் என் புத்தி சரியாக வேலை செய்தது. போன அன்று படுத்துத் தூங்குவதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

தங்கிய இடத்தின் பேர் வேண்டாம். போனில், "படி இருக்கிறதா?" என்று மூன்று தரம் கேட்டேன், "ஒரு படியும் இல்லை" என்றார்கள். உண்மைதான், படி இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைக்குப் போகும் வழி பூராவும் சரிவு, அதில் பாசி பிடித்த கல். அக்காவுக்குக் கால் பிசகிக்கொண்டது. கைப்பிடி இல்லாத குளியலறை, வழவழவென்று தரை. ஆகையால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: அறை வாசல் வரைக்கும் கார் வருமா, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை ஜீப். திறந்த ஜீப்புக்கு ஏறுகிற படி முழங்கால் உயரம். மனையைப் போல ஒரு முக்காலி கேட்டு வாங்கினேன், கேட்டால்தான் கொடுக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தது தப்பு. பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது அந்த சீட்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆளைத் தூக்கி அடிக்கிறது. வீட்டுக்காரி இன்றைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முன் வரிசைக்கோ நடு வரிசைக்கோ முதல் நாளே சொல்லி வையுங்கள். தை மாதக் குளிர் வேறு, ஜீப் ஓடும்போது காது அடைக்கிறது. குரங்குக் குல்லா போட்டால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெள்ளை உடை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அத்தானிடம் வெள்ளை வேட்டி தவிர வேறு கிடையாது. கடைசியில் விவசாய சங்கத்துப் பச்சைத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அக்காவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கர்நாடகாவில், அதுவும் கபினிக் கரையில், காவிரித் தண்ணீர் கேட்டுப் போராடுகிற துண்டு! ஜீப் டிரைவர் பார்த்துவிட்டு, "ரைத்த சங்கமா?" என்றார். அங்கேயும் விவசாய சங்கத்துக்குப் பச்சைத் துண்டுதான். அந்தப் பையனின் அப்பாவும் போடுவாராம். அதோடு அத்தான் முன் சீட்டுக்குப் போய்விட்டார், நாங்கள் பின்னால் குதித்துக்கொண்டு வந்தோம்.

இப்போது காப்பிக் கதை. புறப்படும் முன் இலவசமாகக் காப்பி வைத்திருந்தார்கள். அத்தான் இரண்டு தம்ளர். ஏழரை மணிக்கு அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். டிரைவர் இறங்க விடவில்லை, விடவும் கூடாது. சஃபாரியைப் பாதியில் முறித்து கேட்டுப் பக்கம் திருப்பினார். பின்னால் இருந்த பெங்களூர் ஜோடிக்கு முகம் தொங்கிவிட்டது. திரும்பின வழியில் ரோட்டின் நடுவே செந்நாய்கள், ஏழோ எட்டோ, வால் நுனி கறுப்பாக. ஒன்று உட்கார்ந்து நிதானமாகச் சொறிந்துகொண்டிருந்தது. பெங்களூர்ப் பையன் படம் எடுத்துத் தள்ளிவிட்டான். அத்தானுக்குத்தான் செந்நாய் கண்ணில் படவே இல்லை. கேட்டு எங்கே கேட்டு எங்கே என்றே வந்தார்.

புலி? இல்லை. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பிப்ரவரி 12

நேற்று கை வலித்தது, நிறுத்திவிட்டேன். படகைப் பற்றி எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண்.

மறுநாள் பிற்பகல் ஜீப் வேண்டாம் என்று படகு சஃபாரிக்கு மாற்றிக்கொண்டோம். குலுங்கல் இல்லை, தூசி இல்லை. கரையிலிருந்து படகுக்குக் கால் வைக்கும் ஓர் எட்டுதான் கஷ்டம், இரண்டு பேர் கை கொடுத்தால் முடிந்தது. கண்ணில் புரை எடுத்த அத்தானுக்கு ஜீப்பில் பைனாகுலர் பிடிக்கவே முடியவில்லை. படகில் எஞ்சினை அணைத்ததும் அசையாமல் பார்த்தார்.

தண்ணீர் இறங்கின இடமெல்லாம் பச்சைப் புல். அதில் ஏழு யானை, ஒரு குட்டி. குட்டி தாயின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் நின்றது. பெரிய பெண் யானை ஒன்று துதிக்கையால் புல்லை ஒரு பிடி வளைத்து, காலால் எத்தி வேரோடு பிடுங்கியது. உடனே வாயில் போடவில்லை. முன்னங்காலில் தட்டியது. ஒரு தரம், இரண்டு தரம், மண் உதிர உதிர. அப்புறம்தான் வாய்க்குப் போயிற்று. அடுத்த பிடி, மறுபடியும் தட்டு.

அக்கா கை நீட்டிவிட்டார். "நாத்துப் பறிக்கிறவ மாதிரியே காலுல தட்டுறா பாரு!"

நாற்று பறித்தவர்களுக்குத் தெரியும், நாற்றை முடியாகக் கட்டுவதற்கு முன்னால் வேர் மண்ணைப் பாதத்தில் தட்டுகிற அந்தத் தட்டு. அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் ஆட்களோடு இறங்கிப் பறித்தவர். அதற்கப்புறம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. படகுக்காரர் அந்தப் பக்கம் முதலை, இந்தப் பக்கம் மீன்கொத்தி என்று காட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அந்த ஒரு யானையின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டு கட்டத் தெரியல, அதான் தின்னுடுது" என்று ஒரு விளக்கம் வேறு.

அத்தானுக்கு வேறு கவலை. அணை எவ்வளவு கொள்ளும் என்று படகுக்காரரைக் கேட்டார். பத்தொன்பதரை டி.எம்.சி., 2,284 அடி நிறைந்தால் முழுக் கொள்ளளவு. அவர் சொல்வதற்கு முன் அத்தானே சொல்லிவிட்டார். டீக்கடைப் படிப்பு.

பிப்ரவரி 13

படகில் அத்தான் கேட்ட கேள்வி: "இத்தனை யானையும் நம்ம தண்ணியத்தானே குடிக்குது, எவ்வளவு குடிக்கும்?" ஒரு யானை ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், பெரியது இன்னும் கூடக் குடிக்கும். ஆயிரம் யானை என்றால் ஒன்றரை லட்சம் லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆக ஒரே ஒரு டி.எம்.சி. ஆயிரம் யானைக்கு 51 வருடம் வரும். கணக்குப் போட்டுச் சொன்னேன். "போகட்டும், குடிக்கட்டும்" என்று விட்டுக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 13, இரவு

பூஜ்யம் ஒன்றை விழுங்கிவிட்டேன் என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் காதைத் திருகியிருக்கிறார். ஆயிரம் யானைக்கு வருடத்துக்கு ஐந்தரை கோடி லிட்டர், 2,830ஐ அதால் வகுத்தால் 500க்கு மேல். 51 இல்லை, 510க்கும் மேற்பட்ட வருடம். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். வெளியில் சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 19

வேறு ஒருவர்: "மகன் துபாயில் இருக்கிறான், என்னையும் மனைவியையும் கென்யா மசாய் மாரா கூட்டிப் போகிறேன் என்கிறான். எனக்கு 68." நான் போனதில்லை. ஆனால் என் சம்பந்தி போக இருந்து நின்றுபோனார், அதனால் ஒரு விஷயம் மட்டும் தெரியும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா போய்விட்டு இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற சில இடங்களில்தான். பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

வயது விஷயம் இங்கேதான். அது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிட அதிகம். சம்பந்திக்கு அந்தக் காரணத்தால்தான் டாக்டர் வேண்டாம் என்றார். விமான டிக்கெட் எடுத்தபின் தெரிந்தது. நீங்கள் முதலில் டாக்டர், அப்புறம் டிக்கெட். தென்னாப்பிரிக்காவுக்கு இந்த ஊசிப் பிரச்சினை இல்லை.

பிப்ரவரி 20

திருத்தம். பத்து வருடம் என்று எழுதியது பழைய விதி. 2016இலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சுட்டிக்காட்டிய நர்ஸம்மாவுக்கு நன்றி. ஆயுள் சான்றிதழ் என்றதும் சம்பந்தி, "என் ஆயுளுக்கு அது லாபமா நஷ்டமா?" என்கிறார்.

பிப்ரவரி 23

நாகப்பட்டினத்தில் காங்கேசன்துறைக் கப்பல் ஏறினால் இலங்கையிலேயே யானை பார்க்கலாமே என்று ஒருவர். பார்க்கலாம். மின்னேரியாக் குளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்ற வற்ற, வெளியே வந்த புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். கபினியிலும் அதே கதைதான், அங்கே மாசி, பங்குனியிலிருந்து கோடை மழை வரை. நாங்கள் தை கடைசியில் போனதால் ஏழோடு நின்றது. ஆனால் இலங்கையிலும் ஜீப்தான், குலுக்கலும் அதேதான். கப்பலில் கடல் கொந்தளித்தால் என்ன ஆகும் என்பதை என் வயிறு யோசிக்க விரும்பவில்லை.

மார்ச் 2

கும்பகோணத்துக்காரர் மறுபடி வந்திருக்கிறார்: "அண்ணே, முதலில் சரிப்படாது என்றீர்கள். இப்போது நீங்களே போய்விட்டு வந்துவிட்டீர்கள். நான் என்ன செய்ய?"

கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் டிராவல்ஸ்காரர் சொன்ன திட்டத்துக்கு இன்றைக்கும் அதே பதில். ஒரே காடு, மூன்று ராத்திரி, முதல் நாள் சும்மா, அப்புறம் படகு ஒன்று, ஜீப் ஒன்று, அப்படியானால் போங்கள். அம்மாவுக்கு முட்டி அதிகமாக வலித்தால் ஜீப்பை விட்டுவிட்டு இரண்டு படகு. ரயிலில் போங்கள்.

அதற்கு முன்னால் ஓர் ஒத்திகை பாருங்கள். முத்துப்பேட்டை ஜாம்பவானோடையில் படகு ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டு வாருங்கள். படகில் கால் வைக்க முடிகிறதா, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார முடிகிறதா, அப்பாவுக்கு சர்க்கரை இறங்குகிறதா, எல்லாம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்யாமல் போனோம், எங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே நரி தென்பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வடுவூரைப் பற்றி முதல் நாள் ஒரு வரியில் தள்ளிவிட்டேன், அதுவும் தப்பு. போன வாரம் அக்காவைக் கூட்டிப் போனேன். கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கண்காணிப்புக் கோபுரம் ஏற வேண்டாம், படி செங்குத்து. நத்தை குத்தி நாரை ஒன்று அலகுக்கு நடுவில் இடைவெளி தெரிய நின்றது. அக்கா அரை மணி நேரம் அதன் வாயைப் பார்த்துவிட்டு, "பல்லு செட்டு சரியாப் பொருந்தல இதுக்கு" என்றார். 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி என்று சொன்னேன். அது காதில் விழவில்லை.

மார்ச் 4

அத்தான் இரண்டு தம்ளர் காப்பி குடித்ததை எழுதியது தெரிந்து கோபித்துக்கொண்டார். ஒன்றரைத் தம்ளராம். திருத்திவிட்டேன்.

ஏப்ரல் 6

கும்பகோணத்துக் குடும்பம் போய் வந்துவிட்டது. அப்பா பதினேழு யானை எண்ணினாராம். அம்மா ஜீப் ஏறவில்லை, படகு மட்டும். முக்காலி கேட்டு வாங்கினார்களாம், எழுதியதற்கு ஒரு பலன்.

அந்தப் பதினேழை நான் அத்தானிடம் சொல்லியிருக்கக் கூடாது. நமக்கு ஏழு, அவர்களுக்குப் பதினேழா என்று இரண்டு நாள் பேசவில்லை. தண்ணீர் வற்றினால்தான் யானை கூடும் என்றேன். ஜூன் 12இல் மேட்டூர் திறக்க வேண்டுமே என்று ஐம்பது வருடமாக அணை நிறைய வேண்டிக்கொண்ட மனிதர். இன்று காலை ஆறு மணிக்கு போன்.

"பேப்பர் பாத்தியா? கபினியில மூணு அடி கொறைஞ்சிருக்காம்."

"ஆமாம் அத்தான், இந்த வருஷம் குறுவைக்கு..."

"அது கெடக்குது. டிக்கெட்டு ரெண்டு ரெண்டாத்தானே போடணும்?"